ஒரே ஆள் எல்லாச் சண்டையையும் முடித்துவிடுகிறாரா? டிஎம்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்துக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்து தயாரித்த சண்டை. வரைபடம், வில்லன் பேச வேண்டிய வசனம், அறுந்து விழப்போகும் பாலம், எல்லாம் தயார். இரண்டாவது சுற்றில் ஒருவர் பகடைகளை அள்ளி உருட்டுகிறார், விரல் விட்டுக் கூட்டுகிறார், "எழுபத்தி நாலு" என்கிறார். வில்லன் வாயைத் திறக்கும் முன்பே கதை முடிந்தது. மற்ற மூவரும் தங்கள் முறைக்காக யோசித்து வைத்திருந்ததையெல்லாம் அப்படியே விழுங்கிவிட்டுச் சும்மா சிரிக்கிறார்கள்.

அன்றிரவு டிஎம்மின் (ஆட்டத்தை நடத்துபவரின்) கை நேராக எதிரிகளின் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) மேல் போகும். அடுத்த ஆட்டத்தில் அது இரட்டிப்பாகும். அதற்கடுத்த ஆட்டத்தில் ஏசி (அடி விழத் தாண்ட வேண்டிய கவச எண்) மூன்று கூடும். இன்னும் இரண்டு ஆட்டம் போனால் அந்தப் பலசாலி எப்போதும்போல அடித்துக்கொண்டிருப்பார், மற்றவர்களின் அடி ஒன்றுகூட விழாது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன். கை வலிக்குத் தலையில் தைலம் தேய்த்த கதை.

கீழே உள்ள கணக்குகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துப் போட்டவை. 2024 திருத்தம் எங்கே கை வைத்திருக்கிறது என்பதையும் தேவைப்படும் இடங்களில் சொல்லியிருக்கிறேன். வேறு விதிநூலில் ஆடுபவர்களுக்கு எண்கள் மாறும், நோய்கள் பெரும்பாலும் மாறாது.

எதையும் மாற்றும் முன்

இரண்டு ஆட்டங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு விஷயங்களைக் குறித்தால் போதும். ஒரு லாங் ரெஸ்டுக்கும் (செலவான சக்தியைத் திரும்பத் தரும் நீண்ட ஓய்வு) அடுத்ததற்கும் நடுவில் எத்தனை சண்டை நடந்தது? ஒவ்வொரு சண்டையும் எத்தனை சுற்று ஓடியது? பலசாலி எனப்படுபவர் எந்தெந்த ஸ்லாட்டை (மந்திரம் போடச் செலவாகும் இருப்பு), எந்தத் திறனைச் செலவழித்தார்? யார் எப்போது போனைக் கையில் எடுத்தார்?

நான்காவதுதான் உண்மையான அளவுகோல். ஒருவர் 74 அடித்தும் மற்ற மூவர் ஆர்வமாக இருந்தால் அங்கே பழுதே இல்லை, மூடி வைத்துவிட்டு ஆடப் போகலாம். 20 அடிப்பவரால்கூட மற்றவர்கள் போனுக்குள் போய்விடும் மேசைகளைப் பார்த்திருக்கிறேன்.

குறித்தாயிற்றா? இனி உங்களுடையது எந்த அறிகுறி என்று பாருங்கள்.

அறிகுறி: ஒரு முறையில் விழும் அடி, மற்ற மூவர் சேர்ந்து அடிப்பதைவிட அதிகம்

முதலில் விதியைச் சரியாகப் படித்தோமா என்று பார்க்க வேண்டும். நான் கேள்விப்பட்ட ஓபி (அளவுக்கு மீறிய பலம்) புகார்களில் ஒரு பெரும்பங்கு இங்கேயே தீர்ந்துவிடுகிறது. கிரிட்டிக்கல் (குறிப் பகடையில் இயல்பான 20) விழுந்தால் பகடைகள் மட்டும்தான் இரட்டிப்பாகும், கூட்டுத்தொகை இரட்டிப்பாகாது. ரோகின் (திருட்டு வித்தைக்காரர்) ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் அடி ஒரு முறைக்கு ஒரு தடவைதான், ஒவ்வொரு குத்துக்கும் கிடையாது. போனஸ் ஆக்‌ஷனில் (ஒரு முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயல்) ஒரு ஸ்பெல் (மந்திரம்) போட்டால், 2014 விதிப்படி அதே முறையில் ஆக்‌ஷன் கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரம்) தவிர வேறு ஸ்பெல் போட முடியாது. 2024 விதி இன்னும் நேரடியானது: ஒரு முறையில் ஒரு ஸ்பெல்லுக்குத்தான் ஸ்லாட் செலவழிக்கலாம். யாரையும் சந்தேகப்படுகிற தொனி வராமல், "எனக்கே குழப்பமாக இருக்கு, ஒருமுறை சேர்ந்து படிக்கலாமா" என்று கேட்டாலே போதும்.

விதி சரிதான் என்றால் அடுத்த சந்தேகம் பாலடின் (புனித வீரர்). ஐந்தாம் லெவல் பாலடினை எடுத்துக்கொள்வோம். நீள்வாள் 1டி8 (எட்டுப் பக்கப் பகடை ஒன்று), வலிமைக்கு 4, டூயலிங் பாணிக்கு 2. ஒரு அடிக்குச் சராசரி 10.5. அதில் இரண்டாம் லெவல் ஸ்லாட்டை ஸ்மைட்டாக (அடியோடு சேரும் புனிதச் சக்தி) இறக்கினால் 3டி8, அதாவது இன்னொரு 13.5. ஒரு முறையில் இரண்டு அடியும் விழுந்து இரண்டிலும் ஸ்மைட் போட்டால் 48. புத்தகத்து ஓகருக்கு (பெரிய அரக்கன்) இருப்பதே 59 ஹிட் பாயிண்ட். பக்கத்தில் இருப்பவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் அவரிடம் மொத்தம் எத்தனை ஸ்லாட்? முதல் லெவலில் நான்கு, இரண்டாம் லெவலில் இரண்டு. முறைக்கு இரண்டு வீதம் எரித்தால் மூன்றே சுற்றில் பெட்டி காலி. ஒரு சண்டை பெரும்பாலும் மூன்று நான்கு சுற்றுதான் ஓடும். ஆக, ஒரு நாளைக்கு ஒரே சண்டை என்று நடத்தும் மேசையில் பாலடினின் பெட்டி காலியானதே யாருக்கும் தெரியாது. நோட்டில் முதல் கேள்விக்கு "ஒன்று" என்று எழுதியிருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் நோய் இது இல்லை, நேராக அடுத்த அறிகுறிக்குப் போங்கள். ஒரு முறைக்கு ஒரு ஸ்மைட் போதும் என்று நினைத்தால் 2024 வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஸ்மைட் போனஸ் ஆக்‌ஷனில் போடும் ஸ்பெல் என்பதால் இரண்டாவதற்கு இடமே இல்லை.

மூன்றாவது சந்தேகம் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட் (கேரக்டர் எடுத்துக்கொள்ளும் தனித்திறன்). குறியில் (அடி விழுமா என்று உருட்டும் எண்ணில்) ஐந்தைக் குறைத்து அடியில் பத்தைக் கூட்டிக்கொள்ளும் 2014 வடிவம். வில்லுக்கு இதே பேரத்தை ஷார்ப்ஷூட்டர் தருகிறது. இரண்டு ஃபீட்டிலும் இந்தப் பேரத்தை 2024 திருத்தம் நீக்கிவிட்டது. பழைய விதியில் தொடர்பவர்கள் கீழே உள்ள கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், ஏனென்றால் ஏசியைக் கூட்டுவது ஏன் தவறான மருந்து என்பது இதற்குள்தான் இருக்கிறது.

குறிக்கு +7, பெருவாள் 2டி6, கூடவே 4. சராசரி அடி 11. எதிரியின் ஏசி 15 என்றால் 65 சதவீதம் விழும். ஒரு வீச்சுக்கு 7.15. ஃபீட்டைப் போட்டால் 40 சதவீதம் விழும், அடி 21, ஆக 8.4. பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) வைத்துப் பாருங்கள். சாதாரண வீச்சு 9.65, ஃபீட்டோடு 13.44. அதாவது ஃபீட்டின் உண்மையான பலம் அட்வான்டேஜ் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் அது பார்பேரியனின் (வெறிகொண்ட போர்வீரர்) ரெக்லஸ் அட்டாக், அதாவது தற்காப்பை விட்டு அடிப்பது. அதைப் பயன்படுத்தினால் அடுத்த முறை வரை அவரை அடிக்கும் எல்லாருக்கும் அட்வான்டேஜ் கிடைக்க வேண்டும். டிஎம்கள் மறப்பது இந்தப் பாதியைத்தான். மறக்காமல் இரண்டு ஆட்டம் நடத்திப் பாருங்கள்.

இப்போது ஏசியை 18 ஆக்கினால் என்ன ஆகிறது? அட்வான்டேஜ் இல்லாதபோது சாதாரண வீச்சு 5.5, ஃபீட்டோடு 5.25. அப்படியானால் அவர் என்ன செய்வார்? ஃபீட்டை அணைத்துவிட்டுச் சாதாரணமாக வீசுவார். அட்வான்டேஜ் கிடைத்த அடுத்த நொடியே மறுபடி போட்டுக்கொள்வார். அவரிடம் ஒரு விசை இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் மங்குக்கும் (வெறுங்கைச் சண்டை வீரர்) ரோகுக்கும் அப்படி ஒன்றும் இல்லை. 65 சதவீதம் விழுந்த அவர்களுடைய அடி 50 சதவீதமாகிவிட்டது, அவ்வளவுதான். எண்ணை உயர்த்தினால் பலசாலி வளைந்து கொடுத்துத் தப்பிவிடுவார், மற்றவர்கள் ஒடிந்துபோவார்கள்.

அறிகுறி: முதல் சண்டையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தூங்கப் போகிறார்கள்

இதை நான் மூல நோய் என்பேன். மேலே சொன்னதிலும் கீழே வரப்போவதிலும் பாதி இதன் கிளைதான்.

2014 டிஎம் கையேடு எதிர்பார்த்த ஒரு நாள் இது: ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடினச் சண்டைகள், நடுவில் சுமார் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு). கிளாஸ்களின் (கேரக்டர் வகைகளின்) பலமெல்லாம் இந்த நாளை மனத்தில் வைத்துக் கட்டியது. ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜ், மங்கின் கீ (உள்சக்தி), வார்லாக்கின் (ஒப்பந்தத்தால் மந்திரம் பெற்றவர்) ஸ்லாட் எல்லாம் ஷார்ட் ரெஸ்டில் திரும்பி வருபவை. விசார்டும் (மந்திரம் படித்தவர்) பாலடினும் லாங் ரெஸ்டுக்காகக் காத்திருக்க வேண்டியவர்கள். நாளை ஒரே சண்டையாகச் சுருக்கினால் காத்திருக்க வேண்டியவர்களுக்குக் காத்திருப்பே இல்லை. ஐந்தாம் லெவல் வார்லாக் அந்த ஒரு சண்டைக்கு இரண்டே ஸ்லாட்டோடு வந்து நிற்பார், பக்கத்தில் விசார்ட் ஒன்பது ஸ்லாட்டை வாரி இறைப்பார். அதைப் பார்த்துவிட்டு "விசார்ட் ஓபி" என்கிறோம்.

உண்மையைச் சொன்னால் எட்டுச் சண்டை வைத்து யாரும் ஆடுவதில்லை. எனக்கும் அதற்குப் பொறுமை கிடையாது. வேண்டியது எட்டுச் சண்டை இல்லை, "இன்னும் ஒன்று இருக்கலாம்" என்ற பயம். அதை வரவைக்கும் வழிகளை, நான் முயலும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலாவது, காலக்கெடு. சடங்கு விடியலில் முடியும், கைதியை மாலைக்குள் நாடு கடத்துவார்கள், நீர்மட்டம் ஏறிக்கொண்டே இருக்கிறது. தூங்கினால் உலகம் நகர்ந்துவிடும் என்பது தெரிந்தால் ஸ்லாட்டை எண்ணிச் செலவழிப்பார்கள். கெடு வெறும் மிரட்டலாக இருக்கக் கூடாது. ஒரு முறையாவது அவர்கள் தூங்கி எழும்போது கைதி போயிருக்க வேண்டும்.

இரண்டாவது, 24 மணி நேரத்தில் ஒரு லாங் ரெஸ்டின் பலன்தான் கிடைக்கும் என்பதை ஞாபகப்படுத்துவது. இது புத்தகத்திலேயே இருக்கும் விதி. காலை எட்டு மணிக்கு எழுந்து, ஒன்பது மணிக்கு ஒரு சண்டை போட்டு, பத்து மணிக்கு மறுபடி படுத்தால் ஸ்லாட் வராது.

மூன்றாவது, ஓய்வின் நீளத்தையே மாற்றுவது. ஷார்ட் ரெஸ்டுக்கு எட்டு மணி நேரம், லாங் ரெஸ்டுக்கு ஏழு நாள் என்று அதே கையேட்டில் ஒரு மாற்று விதி இருக்கிறது. பயணமும் விசாரணையும் நிறைந்த கதைக்கு இது அருமையாகப் பொருந்தும். சுரங்கத்துக்குள்ளேயே நடக்கும் கதையில் வைத்தால் மூச்சு முட்டும். பாதியில் விதியை மாற்றாதீர்கள், ஒரு அத்தியாயம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது எல்லாரிடமும் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு: ஒவ்வொரு இரவும் தூக்கத்தில் வந்து தாக்குவது. இரண்டாம் தடவைக்குமேல் அது உலகத்தின் ஆபத்தாகத் தோன்றாது, டிஎம்மின் கோபமாகத்தான் தோன்றும்.

"அவர்கள் டைனி ஹட் போட்டுவிடுகிறார்களே" என்பீர்கள், அந்தக் காவல் கூடார ஸ்பெல்லைத்தான். சடங்காகப் போட 11 நிமிடம், எட்டு மணி நேரப் பாதுகாப்பு, ஸ்லாட் செலவு கிடையாது. போடட்டும். உள்ளே வர முடியாத எதிரிக்கு வெளியே எட்டு மணி நேர அவகாசம் கிடைக்கிறது. குழி வெட்டலாம், ஆள் திரட்டலாம், புதையலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். டிஸ்பெல் மேஜிக் (மந்திரத்தைக் கலைக்கும் ஸ்பெல்) தெரிந்த ஒருவன் இருந்தால் கூடாரமே போய்விடும்.

அறிகுறி: யார் அடித்தாலும் அவர் மேல் படுவதே இல்லை

பிளேட் கவசம் 18, கேடயம் 2, டிஃபென்ஸ் பாணி 1. மொத்தம் ஏசி 21. குறிக்கு +5 வைத்திருக்கும் ஓர்க் இவரைத் தொட 16 வேண்டும், அதாவது நான்கு வீச்சில் ஒன்று. இதற்கு மேல் ஷீல்டு ஸ்பெல் போட்டு 26 ஆக்கிவிட்டால் இயல்பான 20 விழுந்தால்தான் உண்டு.

இங்கேயும் முதலில் விதிதான். ஷீல்டு ஸ்பெல்லுக்குக் கையசைவு தேவை. ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம் என்றால் அசைக்கக் கை ஏது? அந்த ஸ்பெல்லுக்குப் பொருள் எதுவும் தேவையில்லாததால் கேடயத்தில் பொறித்த சின்னத்தைக் காட்டியும் சமாளிக்க முடியாது. வார் காஸ்டர் ஃபீட் இருந்தால் சரி, இல்லையென்றால் வாளை உறையில் போட வேண்டும். இது தெரிந்ததுமே பாதி "தொட முடியாத" பில்டுகள் (கேரக்டர் கட்டமைப்புகள்) தொடக்கூடியவை ஆகிவிடுகின்றன.

ஃபீட்டும் இருக்கிறது, எல்லாம் முறைப்படிதான் என்றால்? ஐந்தாம் லெவல் எல்ட்ரிச் நைட்டிடம் (மந்திரமும் தெரிந்த ஃபைட்டர்) இருப்பது மூன்று ஸ்லாட். ஒவ்வொரு ஷீல்டும் ஒரு ஸ்லாட்டையும் அந்தச் சுற்றின் ரியாக்‌ஷனையும் (சுற்றுக்கு ஒன்றே கிடைக்கும் எதிர்வினை) விழுங்கும். ரியாக்‌ஷன் போனதும் அவரைத் தாண்டி ஓடும் எதிரியை அவரால் அடிக்க முடியாது. புத்தியுள்ள எதிரி முதல் ஆளை அனுப்பி ஷீல்டை வாங்கிவிட்டு மற்றவர்களைப் பின்வரிசைக்கு ஓடவிடுவான். அதோடு, ஏசி எல்லாவற்றையும் தடுக்காது. ஞானத்தில் +0 சேவ் (சேவிங் த்ரோ, விளைவிலிருந்து தப்ப உருட்டுவது) வைத்திருக்கும் இந்த இரும்பு மனிதர் டிசி (எட்ட வேண்டிய எண்) 13 பயமுறுத்தலில் 60 சதவீதம் தோற்பார்.

ஒரு எச்சரிக்கை. எல்லாச் சண்டையிலும் சேவிங் த்ரோவாகவே அடுக்காதீர்கள். ஏசிக்காக அவர் ஃபீட்டும் தங்கமும் செலவழித்திருக்கிறார். பத்து அம்புகள் கேடயத்தில் பட்டுச் சிதறும் காட்சி வாரம் ஒன்றாவது அவருக்குக் கிடைக்க வேண்டும்.

அறிகுறி: பெரிய வில்லன் ஒரு ஸ்பெல்லில் பொம்மையாகிவிட்டான்

தனியாக நிற்கும் வில்லன்தான் காரணம். நால்வர் கொண்ட பார்ட்டிக்குச் சுற்றுக்கு நான்கு ஆக்‌ஷன், அதற்கு மேல் போனஸ் ஆக்‌ஷன்கள். அவனுக்கு ஒன்று. ஹிட் பாயிண்ட் எத்தனை கூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. சாவதற்கு இன்னும் இரண்டு சுற்று ஆகும், அந்த இரண்டு சுற்றும் சலிப்பாக இருக்கும்.

லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் வந்தது இதற்காகத்தான். நாளுக்கு மூன்று முறை, தோற்ற சேவை வென்றதாக்கிக்கொள்ளலாம். வேலை செய்யும், ஆனால் எனக்கு அது பிடிக்காது. நல்ல ஸ்பெல்லைப் போட்டவருக்கு "இல்லை" என்று மூன்று தடவை சொல்லும் கருவி அது. நான் அதற்கு ஒரு விலை வைக்கிறேன்: ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் வில்லனின் கவசத்தில் ஒரு தகடு பிளக்கும், ஏசி ஒன்று குறையும். ஸ்பெல் போட்டவர் தோற்கவில்லை, ஒரு தகட்டைப் பெயர்த்தார்.

அதைவிட நல்ல மருந்து கூட்டாளிகள். வில்லனோடு மூன்று நான்கு பேரை நிறுத்துங்கள், தூர தூரமாக. ஹிப்னாடிக் பேட்டர்ன் 30 அடி கனசதுரத்துக்குள் இருப்பவர்களைத்தான் மயக்கும். வெளியே நிற்பவன் ஒரு ஆக்‌ஷன் செலவழித்து மயங்கியவனை உலுக்கி எழுப்பலாம். ஸ்பெல் போட்டவரின் கான்சன்ட்ரேஷனையும் (ஸ்பெல்லைத் தக்கவைக்கும் கவனம்) அவன் குறிவைக்கலாம்: 30 ஹிட் பாயிண்ட் அளவுக்கு அடி வாங்கினால் டிசி 15, ஏனென்றால் 10 அல்லது அடியில் பாதி, எது பெரிதோ அதுதான் கணக்கு. கான்சன்ட்ரேஷன் சேவைக் கேட்க மறக்கும் டிஎம்தான் உலகத்தில் அதிக ஓபி விசார்டுகளை உருவாக்கியவர். நானும் அந்தச் சங்கத்தில் உறுப்பினன்தான்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இதை விதியிலேயே கட்டிவிட்டது. ஒரே அடியாக முடக்கும் ஸ்பெல்களுக்கு அங்கே தனி அடையாளம் உண்டு. எதிரியின் லெவல் ஸ்பெல்லின் தரநிலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், அவனுக்குக் கிடைக்கும் முடிவு ஒரு படி நல்லதாகிவிடும். சின்னவர்களை முடக்கலாம், தலைவனை எளிதில் முடக்க முடியாது. இதை ஐந்தாம் பதிப்புக்கு இரவல் வாங்கி ஆடுபவர்களும் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அறிகுறி: ஒருவரின் முறை மட்டும் கால் மணி நேரம் ஓடுகிறது

இது ஓபி என்ற பெயரில் வரும், உண்மையில் கடிகாரப் பிரச்சினை. 2014 கஞ்சூர் அனிமல்ஸில் (மிருகங்களை வரவழைக்கும் ஸ்பெல்) எட்டு ஓநாய்கள் வந்தால், பேக் டாக்டிக்ஸில் (கூட்டமாகத் தாக்கும் திறன்) எட்டுக்கும் அட்வான்டேஜ், ஒரு சுற்றுக்குப் பதினாறு டி20. அதற்கு மேல் கடி வாங்கியவர்கள் கீழே விழாமலிருக்க சேவ் போட வேண்டும். ஓநாய்கள் பலசாலிகளோ இல்லையோ, மற்றவர்கள் காத்திருந்தே களைத்துவிடுவார்கள்.

எத்தனை மிருகம், எவ்வளவு பலமுள்ளது என்பதை ஸ்பெல் போடுபவர் தேர்ந்தெடுக்கிறார். எந்த மிருகம் என்பது டிஎம்மின் முடிவு என்று விதியை எழுதியவர்களே விளக்கம் தந்திருக்கிறார்கள். எட்டுக்குப் பதில் இரண்டு பெரிய மிருகங்களை எடுக்கும்படி கேளுங்கள், அடிக்குப் பகடை உருட்டாமல் சராசரி எண்ணை எடுங்கள். 2024 வடிவத்தில் தனித்தனி மிருகங்களே கிடையாது, ஒரு கூட்டமாக நகரும் ஆவிகள்தான். அதற்கே மாறிவிட்டாலும் தவறில்லை.

அறிகுறி: பறந்துகொண்டே அம்பு விடுகிறார், யாராலும் எட்ட முடியவில்லை

வெட்டவெளியில் வில்லில்லாத எதிரிகளை நிறுத்தியது யார்? கூரை, காடு, குகை, மறைவு. ஷார்ப்ஷூட்டர் முக்கால் மறைவு வரை ஒதுக்கித் தள்ளும், முழு மறைவை ஒதுக்காது. எதிரிகள் கட்டடத்துக்குள் ஓடிவிட்டால் பறப்பவர் இறங்கித்தான் ஆக வேண்டும். பறக்கும்போது தரையில் வீழ்த்தப்பட்டாலோ வேகம் பூஜ்யமானாலோ, மிதக்கும் திறன் இல்லாதவர் விழுவார், பத்து அடிக்கு 1டி6. வாரத்துக்கு ஒரு தடவை அவரை உயரத்தில் ராஜாவாக விடுங்கள்.

அறிகுறி: பேச்சிலேயே எல்லாவற்றையும் சாதிக்கிறார்

எக்ஸ்பர்டைஸும் (இரட்டைத் தேர்ச்சி) ரிலையபிள் டேலண்டும் (பகடையில் 10க்குக் கீழே விழுந்தாலும் 10 என்றே கணக்கு) சேர்ந்த பதினோராம் லெவல் ரோக், கரிஸ்மா +3 இருந்தாலே 21க்குக் கீழே உருட்ட மாட்டார். "கடினம்" என்ற டிசி 20ஐத் தூக்கத்திலேயே தாண்டுவார். தாண்டட்டும். ஆனால் எப்போது பகடை உருட்டுவது என்பது டிஎம்மின் முடிவு. அரசனிடம் கிரீடத்தைக் கேட்டால் அதற்கு டிசியே கிடையாது, அதிக மதிப்பெண் வந்தால் அரசன் கோபப்படாமல் சிரிப்பான். பெர்சுவேஷன் (பேசி இணங்க வைக்கும் திறன்) ஒன்றும் மந்திரம் இல்லை. இதைத் தாண்டி இந்த அறிகுறியில் எதுவும் இல்லை.

அறிகுறி: "விதியில் இருக்கிறதே, நான் என்ன செய்ய?"

வார்லாக் ஸ்லாட்டைச் சார்சரர் புள்ளியாக்கி, புள்ளியைப் புது ஸ்லாட்டாக்கி, தூங்காமல் சேர்த்துக்கொண்டே போகும் காபிலாக். வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான விவசாயிகள் ரெடி ஆக்‌ஷனில் ஈட்டியைக் கைமாற்றி ஒரே சுற்றில் ஏவுகணையாக்கும் வித்தை. மூன்றரைப் பதிப்பில் ஒரு கோபால்டை (சின்னப் பல்லி மனிதன்) எல்லையில்லாச் சக்தியாக்கிய பன்-பன். இவற்றில் பல, மேசையில் ஆட உருவானவையே இல்லை, காகிதத்தில் விளையாடும் கணிதப் புதிர்கள். ரசிக்கலாம், ஆட வேண்டியதில்லை.

காபிலாக்குக்கு மருந்து அச்சிலேயே இருக்கிறது. 24 மணி நேரம் லாங் ரெஸ்ட் எடுக்காவிட்டால் டிசி 10 உடல்வலிமை சேவ், தோற்றால் ஒரு படி களைப்பு, அடுத்தடுத்த நாளுக்கு டிசி ஐந்தைந்தாகக் கூடும் என்று 2017ல் வந்த துணைநூலில் விருப்ப விதியாகச் சேர்த்தார்கள். விவசாயிகளுக்கு மருந்தே வேண்டாம். ஈட்டி நூறு கை மாறலாம், கடைசி ஆள் எறியும்போது அது சாதாரண ஈட்டி, 1டி6. வேகத்துக்கு அடி கூடும் என்று எந்த விதியிலும் இல்லை. பாதி தூரம் விதியையும் மீதி தூரம் இயற்பியலையும் பிடித்துக்கொண்டு வருபவரிடம் "ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்.

அறிகுறி: யாரும் ஓபி இல்லை, ஆனால் ஒருவர் மட்டும் தேங்கி நிற்கிறார்

பலர் பார்க்கத் தவறும் இடம் இதுதான். பலசாலி பலசாலியாகத் தெரிவது பக்கத்தில் இருப்பவர் பலவீனமாக இருப்பதால். கேரக்டர் ஷீட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 4டி6 உருட்டிச் சின்னதை விடும் முறையில் வலிமை, ஞானம் போன்ற ஒரு மதிப்பின் சராசரி சுமார் 12.24. ஆனால் ஒருவருக்கு 18, 16, 16 என்றும் இன்னொருவருக்கு 13, 12, 11 என்றும் விழுவதற்கு எந்தத் தடையும் இல்லை. முதல் நாள் பத்து நிமிட அதிர்ஷ்டத்தை இரண்டு வருட ஆட்டம் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும்.

பழைய ஆட்டங்கள் சமநிலையை வேறு இடத்தில் வைத்தன. 1981ல் வந்த பேசிக் விதிநூலில் தீஃப் இரண்டாம் லெவலுக்கு ஏற 1,200 அனுபவப் புள்ளி போதும், ஃபைட்டருக்கு 2,000, மேஜிக்-யூசருக்கு 2,500, எல்ஃபுக்கு 4,000. பலசாலி மெதுவாக ஏறினார். இப்போது எல்லாரும் ஒரே படியில் ஒன்றாக ஏறுவதால் அந்த எதிர்எடை இல்லை, டிஎம்தான் அதை வைக்க வேண்டும்.

ஒரு முறை என் மேசையில் ஒரு பார்பேரியன் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார். மங்க் ஆடியவர் மூன்று மாதமாக அமைதியாக இருந்தார். நான் பார்பேரியனைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சலிப்பில் மங்குக்கு ஒரு கைக்கவசம் கொடுத்தேன்: குத்து ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 1டி6 மின்னல் அடி, சுவரில் ஓடலாம். அடுத்த ஆட்டத்தில் மங்க் சுவரேறிப் போய் மந்திரவாதியின் கழுத்தில் குதித்தார். பார்பேரியன் அதே 40, 50தான் அடித்துக்கொண்டிருந்தார். அவர் ஓபி என்று அதன்பின் யாரும் சொல்லவில்லை, அவரது ஷீட்டில் நான் ஓர் எழுத்தைக்கூட அழிக்கவில்லை.

ஆகவே, குறைப்பதற்கு முன் உயர்த்திப் பாருங்கள். பலவீனமானவருக்குப் பொருளோ, ஒரு ஃபீட்டோ, பொருந்தாத மதிப்புகளை மறுபடி அடுக்க ஒரு வாய்ப்போ கொடுங்கள். கொடுப்பதில் ஒரு கவனம்: +3 கேடயம், +3 கவசம் போன்ற வெறும் எண்கள் ஆட்டத்தின் குறுகிய எண் எல்லையையே உடைத்துவிடும். புதிதாக ஏதாவது செய்ய வைக்கும் பொருளே நல்லது.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

அப்போதுதான் பேச்சு. எல்லார் முன்னும் வேண்டாம், ஆட்டம் முடிந்த சூட்டிலும் வேண்டாம். "உங்க கேரக்டர் பிரச்சினையா இருக்கு" என்று தொடங்காதீர்கள். எது பிடித்து இந்த பில்டைக் கட்டினார் என்று கேளுங்கள். சிலருக்குப் பெரிய எண் பிடிக்கும், சிலருக்குச் சாகாமல் இருப்பது பிடிக்கும், சிலருக்கு விதிகளைப் பூட்டிப் பூட்டிக் கட்டும் வேலையே பிடிக்கும். கடைசி வகையினர் உங்களுக்கு உதவியாளர்கள். "மற்ற மூவரையும் பிரகாசிக்க வைக்கும் மாதிரி ஒன்றைக் கட்டிக் கொடுங்க" என்று சவால் விட்டால் அதே வெறியோடு ஆதரவு கேரக்டர் ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஹேஸ்ட்டும் பிளெஸ்ஸும் (கூட்டாளிகளுக்கு வேகமும் ஆசியும் தரும் ஸ்பெல்கள்) போடும் ஆளை யாரும் ஓபி என்று திட்டியதை நான் கேட்டதில்லை, கணக்குப் போட்டால் அவர்தான் பல மேசைகளில் அதிக அடிக்குக் காரணமானவர்.

விதியைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு விஷயத்தைக் குறையுங்கள். பொதுவாகச் சொல்லுங்கள், ஒரு பெயரைக் குறிவைத்து எழுதாதீர்கள். அந்த விதியை நம்பி லெவல் எடுத்தவருக்குக் கேரக்டரை மறுபடி கட்டும் உரிமை கொடுங்கள். எதிரிகளுக்கும் அதே விதி பொருந்த வேண்டும். பிறகு அந்த நோட்டை மறுபடி எடுத்து இரண்டு ஆட்டம் குறியுங்கள். இந்தத் தடவை நான்காவது கேள்வியை மட்டும் பார்த்தால் போதும்.